அடிவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடாரில் கிளட்டரைக் குறைப்பது எப்படி? தகவமைக் கற்றையாக்கத்துக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

விமான நிலையங்களில் சுழலும் ரேடார் நேர்கோட்டில்தான் பார்க்கும்; பூமியின் வளைவு மறைக்கும் இடத்தோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகளைக் கொண்டு இயங்கும் அடிவானம் கடந்த ரேடார்களோ, அலையைச் சாய்வாக மேல்நோக்கி அனுப்பி, 100 கிலோமீட்டருக்கு மேலேயுள்ள அயனி மண்டலத்தில் அது வளைந்து இறங்குவதைப் பயன்படுத்தி, 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் வரை தொலைவிலுள்ள விமானங்களையும் கப்பல்களையும் கண்காணிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஜிண்டலி ரேடார் வலையமைப்பு இவற்றில் நன்கு அறியப்பட்டது. குயின்ஸ்லாந்தின் லாங்ரீச், மேற்கு ஆஸ்திரேலியாவின் லாவர்ட்டன், நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில் அதன் ரேடார்கள் உள்ளன.

இத்தகைய ரேடாருக்கு வந்து சேரும் ஆற்றலில் இலக்கின் பங்கு மிகச் சிறியது. நிலமும் கடலும் திருப்பி அனுப்பும் எதிரொலி, விமானத்தின் எதிரொலியைவிட 10,000 மடங்குக்கும், அதாவது 40 டெசிபலுக்கும் மேல் வலுவாக இருப்பது இயல்பு. அயனி மண்டலத்தின் கொந்தளிப்பான பகுதிகளிலிருந்து வரும் எதிரொலிகளும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. வேண்டாத இந்த எதிரொலிகளைத்தான் பொறியாளர்கள் கிளட்டர் என்கிறார்கள். அதில் ஒரு பகுதியை, அது வரும் திசையைக் கொண்டு நீக்கிவிட முடியும். அந்த வழிக்கு அடாப்டிவ் பீம்ஃபார்மிங், அதாவது தகவமைக் கற்றையாக்கம் என்று பெயர். கலப்பெண்களும் அணிகளும் ஃபூரியர் உருமாற்றமும் ஓரளவு தெரிந்த மாணவர்களும் இத்துறைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களும் தம் கணினியில் பைத்தானிலோ மேட்லாபிலோ செய்து பார்க்கும் வகையில் இதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: கிளட்டர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சமன்பாட்டிலிருந்து தொடங்குகிறார்கள். கிளட்டர் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் தகவமைக் கற்றையாக்கத்துக்குத் தெரிந்தது திசை மட்டுமே. இலக்கு இருக்கும் அதே திசையிலிருந்து வரும் கிளட்டரை அதனால் தொட முடியாது.

கடலும் நிலமும் தரும் எதிரொலி, நீங்கள் கற்றையைத் திருப்பும் எல்லாத் திசைகளிலும் இருக்கும். அதை நீக்குவது டாப்ளரின், அதாவது நகரும் பொருளின் எதிரொலியில் தோன்றும் அதிர்வெண் மாற்றத்தின் வேலை. நிலம் நகர்வதில்லை. கடலில், ரேடார் அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கடலலைகள்தாம் வலுவாக எதிரொலிக்கின்றன. 1955-இல் குரோம்பி கண்டறிந்த இந்த விளைவால், மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை 0.102 ஆல் பெருக்கினால் வரும் ஹெர்ட்ஸ் அளவுக்குச் சுழியின் இருபுறமும் இரண்டு கோடுகள் தோன்றும். 15 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 0.4 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் நெருங்கும் விமானம் அதே அதிர்வெண்ணில் 15 ஹெர்ட்ஸ் டாப்ளரைத் தரும். இரண்டுக்கும் இடையே வெகுதூரம் இருப்பதால் விமானத்தைப் பொறுத்தவரை இந்த வகைக் கிளட்டர் பெரிய தடையாவதில்லை.

உண்மையான தொல்லை, டாப்ளர் அச்சில் பரவிக் கிடக்கும் கிளட்டர்தான். காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு, அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கில் அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து எழுகின்றன. அவற்றின் ஓரங்களில் உள்ள ஒழுங்கின்மைகளில் பட்டுத் திரும்பும் அலை, பத்து இருபது ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவி, விமானம் இருக்க வேண்டிய டாப்ளர் பகுதி முழுவதையும் மூடிவிடுகிறது. வடக்கு நோக்கிப் பார்க்கும் ஆஸ்திரேலிய ரேடார்களுக்கு இது இரவுநேரப் பிரச்சினை. இதே காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டியும் செல்கிறது; அதனால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் தன் ஆய்வகத்தை வைத்திருக்கிறது. ரேடார் பொறியாளர் அகற்றப் பாடுபடும் எதிரொலி, அங்குள்ள ஆய்வாளர்களுக்குத் தேவையான தரவாகிறது.

இந்த வகைக் கிளட்டரில் நமக்குச் சாதகமான ஒரு பண்பு உண்டு. குமிழிகள் வானம் முழுவதும் சீராக இருப்பதில்லை. குறிப்பிட்ட சில திசைகளில் திரள்களாக இருக்கின்றன. ஆகவே வேறொரு திசையிலுள்ள விமானத்தை நோக்கிக் கற்றையைத் திருப்பும்போது, இந்தக் கிளட்டர் கற்றையின் பக்க மடல்கள் வழியாக, அதாவது முதன்மைத் திசைக்கு வெளியே கற்றை சிறிதளவு கேட்கும் திசைகள் வழியாக நுழைகிறது. பக்க மடல் வழியாக வருவதைத் தகவமைக் கற்றையாக்கம் அடைத்துவிடும்.

அதற்கு முன் செய்யவேண்டிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கிளட்டர் மேகம் தெரியும் தொலைவு உண்மையானதா, மடிந்து வந்ததா என்று பாருங்கள். விநாடிக்கு 50 ஸ்வீப் (ரேடார் திரும்பத் திரும்ப அனுப்பும் அலைத்தொடரில் ஒன்று) என்ற வீதத்தில் ரேடார் இயங்கினால் 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவது அடுத்த ஸ்வீப்பின் எதிரொலியோடு கலந்துவிடும்; 4,200 கிலோமீட்டரில் உள்ள குமிழி, திரையில் 1,200 கிலோமீட்டரில் இருப்பதாகத் தெரியும். வீதத்தை 40 ஆக மாற்றினால் மடிப்பெல்லை 3,750 கிலோமீட்டராகிறது. அதே மேகம் 450 கிலோமீட்டருக்குத் தாவுகிறது. இப்படித் தாவினால் அது மடிந்து வந்த கிளட்டர்தான். வீதத்தை 30 ஆகக் குறைத்தால் எல்லை 5,000 கிலோமீட்டராக விரிந்து, மேகம் தன் உண்மையான இடத்துக்கே போய்விடும். ஆனால் அப்போது டாப்ளர் எல்லை இருபுறமும் 15 ஹெர்ட்ஸாகச் சுருங்கி, நம் விமானம் அதன் விளிம்பில் நிற்கும். இந்த விலையைக் கொடுக்க முடியாதபோதும், அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்தும் மேகம் விலகாதபோதும்தான் தகவமைக் கற்றையாக்கத்தின் தேவை வருகிறது.

இரண்டாம் படி: சிறிய ஒரு ரேடாரைக் கணினியில் அமையுங்கள்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ரேடாரின் ஏற்பு ஆன்டெனா வரிசை 2.8 கிலோமீட்டர் நீளமும் 462 உறுப்புகளும் கொண்டது. பழகுவதற்கு அவ்வளவு தேவையில்லை. 10 மீட்டர் இடைவெளியில் ஒரே கோட்டில் நிற்கும் 32 ஆன்டெனாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 15 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 20 மீட்டர் என்பதால் இடைவெளி சரியாக அதன் பாதி. கற்றையின் அகலம் ஏறத்தாழ 3.2 பாகை, 1,500 கிலோமீட்டர் தொலைவில் அது 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அகலமாக விரியும். அதே தொலைவில் 2.8 கிலோமீட்டர் வரிசையின் கற்றை 10 கிலோமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். நீளமான வரிசைக்கு நாடுகள் செலவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அலையின் பட்டை அகலம் 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு தொலைவு அறையும், அதாவது ரேடார் பிரித்தறியும் தொலைவுத் துண்டும், 15 கிலோமீட்டர். 60 அறைகள் போதும். விநாடிக்கு 50 ஸ்வீப் வீதம் 128 ஸ்வீப்புகளைச் சேர்த்தால் 2.56 விநாடி நீளமுள்ள ஒரு பதிவு கிடைக்கும். ஒரு டாப்ளர் அறையின் அகலம் 0.39 ஹெர்ட்ஸ், வேகத்தில் சொன்னால் விநாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர். ஆக உங்கள் தரவு 60 தொலைவு அறை, 32 ஆன்டெனா, 128 ஸ்வீப் என்ற முப்பரிமாணப் பெட்டி. இதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு கலப்பெண்.

இந்தப் பெட்டியில் நான்கு பொருள்களை இடுங்கள். முதலாவது, எல்லா இடத்திலும் ஒரே அளவான இரைச்சல். இரண்டாவது, எல்லாத் திசையிலிருந்தும் சுழி டாப்ளரை ஒட்டி வரும் வலுவான நில எதிரொலி. மூன்றாவது, வரிசைக்குச் செங்குத்தான திசையிலிருந்து இடப்புறம் 32 முதல் 38 பாகை வரை ஒரு பாகை இடைவெளியில் ஏழு திசைகளிலிருந்து வரும், டாப்ளரில் பரவிய கிளட்டர். ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு தொலைவுக்கும் தனித்தனிச் சமவாய்ப்பு எண்களைப் பயன்படுத்துங்கள். நான்காவது, வலப்புறம் 10 பாகையில், 15 ஹெர்ட்ஸ் டாப்ளரில், ஒரே ஒரு தொலைவு அறையில் இருக்கும் விமானம். டாப்ளர் பிரிப்புக்குப் பிறகு ஓர் ஆன்டெனாவில் பார்த்தால், விமானம் இரைச்சலுக்கு 5 டெசிபல் கீழேயும் பரவிய கிளட்டர் 45 டெசிபல் மேலேயும் இருக்கும்படி வலிமைகளை அமையுங்கள்.

மூன்றாம் படி: அளவீட்டுப் பிழையை முதலில் சரிசெய்யுங்கள்

ஒவ்வோர் ஆன்டெனாவின் கேபிளும் பெருக்கியும் அலைக்கட்டத்தில் சிறு மாற்றத்தை உண்டாக்கும். 32 ஆன்டெனாக்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 10 பாகைப் பிழை இருந்தால், பக்க மடல்களின் சராசரி மட்டம் உச்சத்தைவிட ஏறத்தாழ 30 டெசிபல்தான் தாழ்ந்திருக்கும். பக்க மடல்களைத் தாழ்த்த ஓர ஆன்டெனாக்களுக்குக் குறைந்த எடை தரும் ஹாமிங் சாளரம் காகிதத்தில் தரும் 42 டெசிபல் தாழ்வு களத்தில் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். செயல்பாட்டிலுள்ள ரேடார்களில், இடம் தெரிந்த ஒலிபரப்பியைக் கொண்டு இப்பிழை திருத்தப்படுகிறது. எரிவிண்மீன்கள் வளிமண்டலத்தில் விட்டுச்செல்லும் அயனித் தடங்களின் எதிரொலியைக் கொண்டும் வரிசையை அளவுதிருத்த முடியும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களில் செய்து காட்டினார்கள். உங்கள் மாதிரியில் இந்தப் பிழையை வேண்டுமென்றே சேர்த்து, அதன் விளைவு ஒவ்வொரு படியிலும் எப்படி வெளிப்படுகிறது என்று கவனியுங்கள்.

நான்காம் படி: டாப்ளர் பிரிப்பைக் கற்றையாக்கத்துக்கு முன் செய்யுங்கள்

வரிசைமுறை இங்கே முக்கியம். முதலில் தொலைவைப் பிரித்து, பிறகு ஒவ்வோர் ஆன்டெனாவின் 128 ஸ்வீப்புகளையும் ஃபூரியர் உருமாற்றத்தால் டாப்ளர் அறைகளாக்கி, அதன் பின்னரே திசையைக் கையாளுங்கள். உருமாற்றத்துக்கு முன் பிளாக்மேன்–ஹாரிஸ் போன்ற, பக்க மடல் மிகத் தாழ்ந்த சாளரத்தைப் பயன்படுத்தாவிட்டால், நில எதிரொலி கசிந்து 15 ஹெர்ட்ஸ் வரை போய் நிற்கும். சாளரம் சரியாக அமைந்தால் நில எதிரொலி சுழியை ஒட்டிய சில அறைகளுக்குள் அடங்கிவிடும். மற்ற அறைகளில் பரவிய கிளட்டரும் இரைச்சலும் இலக்கும் மட்டுமே எஞ்சும். இப்படிப் பிரித்துவிட்டால், ஒரு டாப்ளர் அறைக்குத் தேவையான எடைகளைக் கணக்கிடும்போது நில எதிரொலி குறுக்கிடாது. ஒரு பதிவு முழுவதற்கும் அந்த எடைகள் மாறாமலும் இருக்கும். இந்த இரண்டாவது பண்பு எவ்வளவு பெறுமதியானது என்பதைக் கடைசிப் படியில் காணலாம்.

ஐந்தாம் படி: சாதாரணக் கற்றையை அளவுகோலாக வையுங்கள்

வலப்புறம் 10 பாகையிலிருந்து வரும் அலை ஓர் ஆன்டெனாவை அடைவதற்கும் அடுத்ததை அடைவதற்கும் இடையே சிறு அலைக்கட்ட வேறுபாடு இருக்கும். ஆன்டெனா இடைவெளியை அலைநீளத்தால் வகுத்து, திசைக்கோணத்தின் சைனால் பெருக்கி, மீண்டும் இரண்டு பையால் (2π) பெருக்கினால் அந்த வேறுபாடு கிடைக்கும். இந்த 32 அலைக்கட்டங்களின் தொகுதியே திசை வெக்டர். தரவை அதற்கேற்பத் திருப்பி, ஹாமிங் எடையிட்டுக் கூட்டினால் சாதாரணக் கற்றை உருவாகிறது. 32 ஆன்டெனாக்களைக் கூட்டுவதால் கிடைக்கும் பெருக்கம் 15 டெசிபல். விமானம் இரைச்சலுக்கு 10 டெசிபல் மேலே எழும்பிவிடும். பரவிய கிளட்டரோ 45-உடன் 15-ஐக் கூட்டி, பக்க மடலின் 42-ஐக் கழித்தால், 18 டெசிபலில் நிற்கும். விமானம் கிளட்டருக்கு 8 டெசிபல் அடியில் புதைந்திருக்கிறது.

தொலைவை ஓர் அச்சிலும் டாப்ளரை மற்றோர் அச்சிலும் வைத்து இதைப் படமாக வரையுங்கள். சுழியில் மேலிருந்து கீழாக ஓடும் ஒளிர்கோடு நிலம். அதன் இருபுறமும் விரிந்து, ஓரங்களில் மங்கும் மேகம் பரவிய கிளட்டர். விமானம் இருக்கும் அறை எது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதன் நிறத்துக்கும் பக்கத்து அறைகளின் நிறத்துக்கும் வேறுபாடு தெரியாது. இந்தப் படத்தைச் சேமித்து வையுங்கள்.

நேர்கோட்டு வரிசை அளப்பது முழுமையான திசைக்கோணத்தை அல்ல, ஒரு கூம்பின் கோணத்தை என்பதையும் இங்கேயே மனத்தில் கொள்ளுங்கள். 35 பாகைத் திசையிலிருந்து வரும் அலை 20 பாகை ஏற்றக் கோணத்தில் இறங்கினால், வரிசைக்கு அது 32.6 பாகையிலிருந்து வருவதுபோல் தோன்றும். அயனி மண்டலத்தில் வளைந்து வரும் அலை எப்போதும் மேலிருந்தே இறங்குவதால், மெய்யான தரவில் இந்தத் திருத்தம் இல்லாமல் இலக்கின் இடம் தவறாகிவிடும்.

ஆறாம் படி: பயிற்சித் தரவைத் தேர்ந்தெடுங்கள்

முறை முழுவதும் நிற்பதும் விழுவதும் இந்தப் படியில்தான் என்பதால் இங்கே அவசரப்பட வேண்டாம். கிளட்டர் எத்திசைகளிலிருந்து, எவ்வளவு வலிமையுடன் வருகிறது என்பதை ரேடார் தானாக அறிவதில்லை. நாம் கொடுக்கும் மாதிரிகளிலிருந்து கோவேரியன்ஸ் அணியாக அதை மதிப்பிடுகிறது. ஒரு தொலைவு அறையில், ஒரு டாப்ளர் அறையில், 32 ஆன்டெனாக்கள் தரும் 32 கலப்பெண்கள் ஒரு மாதிரி. அந்த நிரலை அதன் இணைக் கலப்பெண்களாலான நிரையால் பெருக்கினால் 32-க்கு 32 அணி ஒன்று வரும். எல்லா மாதிரிகளிலும் இதைச் செய்து சராசரி எடுத்தால் கோவேரியன்ஸ் அணி கிடைக்கிறது.

எத்தனை மாதிரிகள் தேவை என்பதற்கு ரீட், மாலெட், பிரெனன் ஆகிய மூவர் 1974-இல் தந்த விடை இன்றும் கைகொடுக்கிறது. ஆன்டெனா எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மாதிரிகள் இருந்தால், சரியான அணி தெரிந்திருந்தால் கிடைக்கக்கூடிய பலனில் சராசரியாக 3 டெசிபல் மட்டுமே குறையும். நமக்கு 64 மாதிரிகள் வேண்டும். சோதிக்கும் தொலைவு அறையையும் அதன் இருபுறமும் இரண்டிரண்டு காவல் அறைகளையும் ஒதுக்கினால் எஞ்சுபவை 55. பக்கத்து டாப்ளர் அறைகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டால் 165. இத்தனையும் தனித்தனி மாதிரிகளாக இருந்தால் இழப்பு 1 டெசிபலுக்கும் குறைவு. ஆனால் நான்காம் படியில் இட்ட சாளரம் அருகருகே உள்ள டாப்ளர் அறைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், உண்மையான எண்ணிக்கையை இதைவிடக் குறைவாகவே கொள்ளவேண்டும்.

காவல் அறைகளை ஒதுக்குவது ஏன் என்ற கேள்வி எழும். பயிற்சித் தரவில் இலக்கே கலந்துவிட்டால், முறை அதையும் கிளட்டர் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். கற்றை மிகச் சரியாக இலக்கை நோக்கி இருந்தால் பெரிய பாதிப்பில்லை. சற்று விலகியிருந்தால் பாதிப்பு கடுமையாகிறது. நம் வரிசையில் 0.65 பாகை விலகினால் கற்றையின் வலிமை 10 விழுக்காடு மட்டுமே குறையும். சாதாரணக் கற்றைக்கு அது பொருட்படுத்தத்தக்க இழப்பே அல்ல. பயிற்சித் தரவு முழுவதிலும் இலக்கு கலந்திருக்கும் நிலையில், கற்றை வெளியீட்டில் 20 டெசிபலாக இருந்திருக்க வேண்டிய இலக்கு, அதே விலகலால் இரைச்சலுக்கும் 10 டெசிபல் கீழே போய்விடும். 10 டெசிபல் இலக்கோ அதே நிலையில் ஏறத்தாழ 2 டெசிபல் கீழே மட்டுமே போகிறது. வலுவான இலக்குதான் அதிகம் தண்டிக்கப்படுகிறது! கற்றைகளைப் பாதி அகல இடைவெளியில், அதாவது 1.6 பாகைக்கு ஒன்றாக அடுக்கினால் இலக்கு அருகிலுள்ள கற்றையின் மையத்திலிருந்து 0.8 பாகை வரை விலகியிருக்க முடியும் என்பதால், இது அன்றாடம் நேரக்கூடியது. கற்றைகளை இன்னும் நெருக்கமாக அடுக்குவதும், இலக்கைப் பயிற்சியிலிருந்து விலக்கி வைப்பதும் கட்டாயம்.

சுழியை ஒட்டிய டாப்ளர் அறைகளையும் பயிற்சியில் சேர்க்காதீர்கள். நில எதிரொலி எல்லாத் திசைகளிலும் இருப்பதால், அதைப் பார்த்த அணி 32 ஆன்டெனாக்களின் ஆற்றலையும் அதை அடக்குவதிலேயே செலவிட்டுவிடும்.

ஏழாம் படி: அணியின் ஐகென் மதிப்புகளைப் பாருங்கள்

எடைகளைக் கணக்கிடுவதற்கு முன், அணியின் ஐகென் மதிப்புகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி டெசிபலில் வரையுங்கள். நம் மாதிரியில் ஐந்து அல்லது ஆறு மதிப்புகள் மட்டும் இரைச்சலுக்கு மேலே நிற்கும். மற்றவை இரைச்சல் மட்டத்தில் சமதளமாக ஓடும். ஏழு திசைகளை இட்டும் ஏழு மதிப்புகள் எழாததற்குக் காரணம், அவை கற்றை அகலத்தைவிட நெருக்கமாக இருப்பதே. இந்தப் படம், கிளட்டர் குறுகிய திசையிலிருந்து வருகிறது, நீக்கலாம் என்று சொல்கிறது.

மெய்யான தரவில் 32 மதிப்புகளும் படிப்படியாக இறங்கி, எங்கும் சமதளமே இல்லாதிருந்தால், கிளட்டர் வானம் முழுவதும் பரவியிருக்கிறது. அப்போது எந்தக் கணக்கும் உதவாது. வேறு அதிர்வெண்ணுக்கு மாறுவதே வழி. ஜிண்டலி வலையமைப்பில் அயனி மண்டலத்தை இடைவிடாமல் அளந்து அதிர்வெண்ணைப் பரிந்துரைக்கத் தனி அமைப்பே இருப்பது இத்தகைய தேவைகளுக்காகத்தான்.

எட்டாம் படி: எடைகளைக் கணக்கிடுங்கள்

சிந்தனை எளிமையானது. பார்க்க விரும்பும் திசையின் பெருக்கத்தை ஒன்று என்று நிலைநிறுத்திக்கொண்டு, வெளியீட்டின் மொத்த ஆற்றலை இயன்ற அளவு குறைக்கும் எடைகளைத் தேடுகிறோம். இலக்கின் திசை காக்கப்பட்டிருப்பதால், குறையக்கூடியது மற்ற திசைகளிலிருந்து வரும் ஆற்றல் மட்டுமே. விடை, கோவேரியன்ஸ் அணியின் நேர்மாறைத் திசை வெக்டரால் பெருக்கி, பெருக்கம் ஒன்றாகும்படி ஓர் எண்ணால் வகுத்தது. பக்க மடலில் நுழையும் இடையூறைத் தானாக நீக்கும் கருத்து, 1950-களின் இறுதியில் ஹவல்ஸ் செய்த பணியிலேயே இருக்கிறது; ஆப்பிள்பாம் 1966-இல் அதற்குக் கோட்பாடு வகுத்தார். நாம் பயன்படுத்தும் வடிவத்தை கேபன் 1969-இல் எழுதியது ரேடாருக்காக அல்ல, அமெரிக்காவின் மொன்டானாவில் இருந்த பெரிய நிலநடுக்க உணரி வரிசைக்காக.

கணினி நிரலில் நேர்மாறு அணியைத் தனியாகக் கணக்கிடாதீர்கள். பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் உள்ள நேரியல் சமன்பாட்டுத் தீர்வியிடம் அணியையும் திசை வெக்டரையும் கொடுத்தால், பிழை குறைவாகவும் விரைவாகவும் விடை வரும்.

அதோடு, அணியின் மூலைவிட்டத்தில் ஒரு சிறு எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரைச்சல் ஆற்றலைப் போல ஏறத்தாழ 10 மடங்கு என்று தொடங்கலாம். கார்ல்சன் 1988-இல் விளக்கியபடி, மாதிரிகள் குறைவாக இருக்கும்போது சிறிய ஐகென் மதிப்புகள் தாறுமாறாக மதிப்பிடப்படுவதால் பக்க மடல்கள் உயர்ந்துவிடுகின்றன; இந்தக் கூட்டல் அவற்றைச் சமன்செய்து அடக்குகிறது. தேவையான மாதிரிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. இனி அது ஆன்டெனா எண்ணிக்கையின் இரு மடங்காக இருக்க வேண்டியதில்லை. இரைச்சலுக்கு மேலே நிற்கும் ஐகென் மதிப்புகளின் இரு மடங்கை ஒட்டி இருந்தாலே போதும். சிறு திசைப் பிழையால் இலக்கு அழிவதையும் இது பெருமளவு தடுக்கிறது. கூட்டும் எண் மிகப் பெரிதானால் கிளட்டர் திசையிலுள்ள பள்ளம் ஆழம் குறைந்து, நீங்கள் சாதாரணக் கற்றைக்கே திரும்பிவிடுவீர்கள். ஒன்றில் தொடங்கி ஆயிரம் மடங்கு வரை மாற்றி, வெளியீடு எப்படி மாறுகிறது என்று வரைந்தால், நடுவில் அகலமான நல்ல பகுதி ஒன்று தெரியும். அதற்குள் எதை எடுத்தாலும் சரியே.

ஒன்பதாம் படி: உண்மையில் பலன் கிடைத்ததா என்று சோதியுங்கள்

முதலில் புதிய எடைகளின் திசைப்படத்தை வரையுங்கள். வலப்புறம் 10 பாகையில் உச்சமும், இடப்புறம் 32 முதல் 38 பாகை வரை ஆழமான பள்ளமும் தெரியவேண்டும். உச்சம் இலக்கிலிருந்து நகர்ந்திருந்தாலோ, முதன்மை மடலின் நடுவிலேயே பிளவு தெரிந்தாலோ, இலக்கு பயிற்சியில் நுழைந்துவிட்டது என்று ஐயப்படுங்கள்.

அடுத்து, தொலைவு–டாப்ளர் படத்தை மீண்டும் வரைந்து, சேமித்து வைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். மேகம் இரைச்சல் மட்டத்துக்கு இறங்கி, விமானம் ஒற்றை அறையில் தனியே, 10 டெசிபலுக்கு ஓரிரு டெசிபல் குறைவாக எழுந்து நிற்கவேண்டும். மேகம் மறைந்தது என்று கண்டு மகிழ்ந்து இத்துடன் நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் எல்லாவற்றையும் அழிக்கும் எடைகளும் இதே தூய படத்தைத் தரும். மெய்யான தரவைக் கையாளும்போது, வலிமை தெரிந்த செயற்கை இலக்குகளைப் பல தொலைவுகளிலும் கற்றையின் மையத்திலிருந்து விலகிய கோணங்களிலும் தரவில் சேர்த்து, ஒவ்வொன்றும் எத்தனை டெசிபலில் வெளிவருகிறது என்று அளந்து அட்டவணையிடுவதே நம்பத்தக்க சோதனை.

பத்தாம் படி: எடைகள் காலத்தோடு மாறவேண்டியிருந்தால்

விமானத்துக்கு இரண்டு மூன்று விநாடிப் பதிவு போதும். விநாடிக்கு 8 மீட்டரில் நகரும் கப்பலின் டாப்ளர் 15 மெகாஹெர்ட்ஸில் 0.8 ஹெர்ட்ஸ் மட்டுமே, கடலின் 0.4 ஹெர்ட்ஸ் கோட்டிலிருந்து அதைப் பிரிக்க 20 முதல் 40 விநாடி வரை நீளும் பதிவு தேவை. அவ்வளவு நேரம் அயனி மண்டலம் அசையாமல் இருக்காது. கிளட்டரும் வெளி ரேடியோ இடையூறுகளும் வரும் திசை அதற்குள் நகர்ந்துவிடும். ஆகவே பதிவைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி எடை கணக்கிடலாம் என்று தோன்றும்.

அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எடைகள் இலக்கின் திசையில் மட்டுமே ஒன்றாக இருக்கின்றன; மற்றத் திசைகளில் மாறிக்கொண்டே போகின்றன. எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் கடல் எதிரொலி, எடை மாறும் ஒவ்வொரு முறையும் வெளியீட்டில் ஒரு குதிப்பை உண்டாக்கும். அந்தக் குதிப்புகள் ஃபூரியர் உருமாற்றத்துக்குப் பின் டாப்ளர் அச்சு முழுவதும் சிதறி, குறுகிய கோடாக இருந்த கடல் எதிரொலியைப் புதிய பரவிய கிளட்டராக்கிவிடும். அப்ரமோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கடல் எதிரொலி மெதுவாக மாறுவதால், ஒரு ஸ்வீப்பில் வருவதை அதற்கு முந்தைய சில ஸ்வீப்புகளின் கூட்டாகப் பெருமளவு எழுதிவிடலாம். ஆகவே புதிய எடைகள் இடையூறைக் குறைப்பதோடு, அந்தச் சில ஸ்வீப்புகளின் கடல் எதிரொலிக்குப் பழைய எடைகள் தந்த அதே வெளியீட்டைத் தரவேண்டும் என்ற கட்டுப்பாடுகளையும் சேர்த்துவிட்டால், வெளியீட்டில் குதிப்பு நேராது. ஒவ்வொரு கட்டுப்பாடும் இடையூறை நீக்குவதற்கான சுதந்திரங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளும் என்பதால், அவற்றை மூன்று நான்குக்கு மேல் கூட்டத் தயங்குங்கள்.

உங்கள் மாதிரியில் இதைப் பார்க்க, இலக்கையும் பரவிய கிளட்டரையும் எடுத்துவிட்டு, நில எதிரொலிக்குப் பதிலாகச் சுழியின் இருபுறமும் 0.4 ஹெர்ட்ஸில் இரண்டு கோடுகளாகக் கடல் எதிரொலியை மட்டும் நீண்ட பதிவில் இட்டு, காலத்தோடு மாறும் எடைகளின் வழியாகச் செலுத்துங்கள். வெளியீட்டின் டாப்ளர் படத்தில் இரண்டு கோடுகளுக்கு வெளியே உள்ள தளம், மாறாத எடைகளுக்குக் கிடைத்த தளத்தைவிட எத்தனை டெசிபல் உயர்ந்திருக்கிறது என்று அளவிடுங்கள். அந்த உயர்வு கப்பலின் எதிரொலியைத் தாண்டாத வரை எடைகளை மாற்றலாம். தாண்டினால் துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து மறுபடி அளவிடுங்கள்.